கணக்குப் பிரிவுக்குப் போகாத குரூப் பாலிசி: சரிசெய்த விதம்

வெள்ளவத்தையில் ஓர் அலுவலகம், ஒரு விண்டோஸ் சர்வர், 24 கணினிகள். குரூப் பாலிசி (சர்வரிலிருந்து கணினிகளுக்கு அமைப்புகளை அனுப்பும் வசதி) மூலம் கணக்குப் பிரிவுக்கென்று வைத்த டெஸ்க்டாப் படமும் பொது டிரைவும் அந்தப் பிரிவில் யாருக்குமே வரவில்லை. பாலிசி சரியான ஓயூவில்தான் (பயனர்களையும் கணினிகளையும் பிரித்து வைக்கும் தொகுதி) இணைந்திருந்தது. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஜிபிரிசல்ட் /ஆர்' அடித்தால், நடைமுறையான பாலிசிகளின் பட்டியலில் அது இல்லை.

கோளாறு செக்யூரிட்டி ஃபில்டரிங்கில், அதாவது பாலிசி யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலில். 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' (உள்நுழைந்த பயனர்களும் கணினிகளும் அடங்கிய குழு) என்பதை நீக்கிவிட்டு, கணக்குப் பிரிவின் குழுவை மட்டும் சேர்த்திருந்தோம். 2016 ஜூனில் வந்த மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியையும் கணினியின் கணக்கே சர்வரிலிருந்து வாசிக்கிறது. அதற்கு வாசிக்கும் அனுமதி இல்லையென்றால் பாலிசி சத்தமில்லாமல் நின்றுவிடும். பிழைச் செய்திகூட வராது. ஆளைக் களைக்க வைப்பது அதுதான்.

அந்தப் பாலிசியின் டெலிகேஷன் பகுதியில் (அனுமதிகளைக் கொடுக்கும் இடம்) 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவைச் சேர்த்து 'ரீட்' மட்டும் கொடுங்கள். 'அப்ளை குரூப் பாலிசி'யைத் தொடவே வேண்டாம். பிறகு பாலிசியை உடனே வாங்க 'ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ்' கட்டளை, லாக் ஆஃப் செய்து மீண்டும் லாக் ஆன். அவசரமில்லாத மாற்றம் என்றால் 90 நிமிடத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் தானாகவே போய்ச் சேரும். படமும் டிரைவும் மட்டும் லாக் ஆனுக்குக் காத்திருக்கும்.

அப்படியும் இரண்டு கணினிகள் மசியவில்லை. மூலையில் நேரம் சரியாகத்தான் தெரிந்தது, ஆனால் டைம் ஜோன் பசிபிக். யாரோ மணியை மட்டும் கையால் திருத்தியிருக்கிறார்கள். சர்வரின் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கெர்பரோஸ் (அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) ஏற்காது. '+05:30 ஸ்ரீ ஜெயவர்தனபுர' என்று மாற்றி, நேரத்தை ஒத்திசைக்க 'டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்' கொடுத்ததும் இரண்டும் வழிக்கு வந்தன.