ரெய்டு வரிசையில் ஒரு டிஸ்க் போனால்: பாதுகாப்பாக மாற்றுவது எப்படி

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக இயக்கும் முறை. நான்கு டிஸ்க் கொண்ட ரெய்டு 5 வரிசையில் மூன்றின் கொள்ளளவுதான் நமக்குக் கிடைக்கும். ஒன்றின் அளவு பாரிட்டிக்கு, அதாவது தொலைந்த தரவை மீட்க உதவும் சரிபார்ப்பு பிட்களுக்கு, போய்விடும். ஒரே இடத்துக்குரிய மூன்று பிட்கள் 1, 0, 1 என்றால், 1-கள் இரட்டைப்படையாக இருப்பதால் பாரிட்டி 0. நடு டிஸ்க் செத்தால், மிஞ்சிய 1, 1, 0 ஆகியவற்றை வைத்துத் தொலைந்தது 0 என்று வரிசையை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் கணக்கிட்டுவிடும். அதனால்தான் வேலை நிற்பதில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து வரிசைக்குப் பாதுகாப்பு கிடையாது.

முதல் வேலை, பேக்கப் இருக்கிறதா, திறக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் முக்கியமான கோப்புகளை இப்போதே வேறிடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்க் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, பழுதான டிஸ்க்கின் சீரியல் எண்ணை கன்ட்ரோலர் மென்பொருளில் குறித்துக்கொண்டு, அந்த ஸ்லாட்டின் விளக்கை மின்ன வைத்துப் பாருங்கள். ஸ்லாட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சில பெட்டிகளில் அது 0-இலிருந்து தொடங்கும், சிலவற்றில் 1-இலிருந்து. தவறிப்போய் நல்ல டிஸ்க்கை உருவினால் ரெய்டு 5 அங்கேயே விழுந்துவிடும்.

புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். செக்டர், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு, அதன் அளவும் ஒத்துப்போக வேண்டும். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும்) வகையை வாங்காதீர்கள், தொடர்ந்து எழுதும்போது அது மிகவும் மந்தமாகிவிடும். சாதாரண மேசைக்கணினி டிஸ்க்கும் சரிவராது. படிக்க முடியாத செக்டரோடு அது நெடுநேரம் போராடும், கன்ட்ரோலரோ பதில் வரவில்லையென்று அதை வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கென்று செய்யப்பட்டவை பொதுவாக 7 நொடிகளில் பிழை என்று சொல்லிவிடும். மீதியை கன்ட்ரோலர் பாரிட்டியைக் கொண்டு சரிசெய்யும்.

ஹாட் ஸ்வாப் (சர்வரை அணைக்காமலே டிஸ்க் மாற்றக்கூடிய) பெட்டியென்றால் ட்ரேயைச் சற்று வெளியே இழுத்து, சுழற்சி நிற்க அரை நிமிடம் விட்டு உருவுங்கள். புதியதைச் செருகியதும் ரீபில்ட், அதாவது தொலைந்த தரவைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதும் வேலை, தானாகத் தொடங்கவில்லை என்றால், புது டிஸ்க்கை ஹாட் ஸ்பேராக (தயார்நிலை மாற்று டிஸ்க்காக) குறித்தால் போதும். முன்பு வேறு வரிசையில் இருந்த டிஸ்க்கென்றால் ஃபாரின் (அந்நியமானது) என்று காட்டும். அதன் பழைய அமைப்பை மட்டும் அழியுங்கள். வரிசையைப் புதிதாகத் தொடங்கும் இனிஷியலைஸ் பக்கம் போகவே கூடாது, வரிசையிலுள்ள தரவு அழிந்துவிடும்.

8 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நிரப்பவே சுமார் 15 மணி நேரமாகும். சர்வர் பயன்பாட்டில் இருந்தால் இன்னும் நீளும். அதற்குள் மற்ற மூன்றையும் முழுதாக, அதாவது 24 டிபி, படித்தாக வேண்டும். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் பிழை வரம்பு ஏறக்குறைய 12.5 டிபிக்கு ஒரு படிக்கமுடியாத செக்டர். நடைமுறையில் இதைவிட நன்றாகவே இருக்கும் என்றாலும், பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6-தான் எங்கள் பரிந்துரை. ஒன்று போன பிறகும் அதில் இன்னொரு பாரிட்டி கைவசம் இருக்கும்.

ரீபில்ட் முடிந்ததும் தரவும் பாரிட்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கன்சிஸ்டென்சி செக் ஓட்டுங்கள், டிஸ்க்குகளைப் படித்துப் பிழை தேடும் பேட்ரோல் ரீடை மாதம் ஒருமுறை வையுங்கள். கன்ட்ரோலரின் தற்காலிக நினைவகமான கேஷின் பேட்டரி நிலையையும் பாருங்கள்: அது செத்திருக்கும்போது, தரவை முதலில் கேஷில் வைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதும் ரைட் பேக்கைக் கட்டாயமாக இயக்கினால், மின்சாரம் போகிற நொடியில் கேஷில் இருக்கும் தரவு போய்விடும்.