நானே வரைஞ்சது அண்ணா! – அனிமே பொருள் விற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

காட்பாடிப் பக்கம் கல்லூரி திறந்தாலே எங்கள் பிரிண்டிங் கடைக்கு அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் படம் போட்ட கப் ஆர்டர்தான். போன மாதம் ஒரு தம்பி, 'ஒன் பீஸ்' தொடரில் வரும், வைக்கோல் தொப்பி போட்ட மண்டை ஓட்டை டேப்லெட்டில் வரைந்து கொண்டுவந்தான். "டவுன்லோடு பண்ணல அண்ணா, நானே வரைஞ்சது. ஆன்லைன்ல விக்கப் போறேன்" என்றான். நல்ல கைதான். ஆனால் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

கோடு அவனுடையது, வரைந்த உருவம் அவனுடையதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு ஓவியத்தைத் திரும்ப உருவாக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே. கப்பில் அச்சடித்தாலும் சரி, களிமண்ணில் பொம்மை பிடித்தாலும் சரி. ஜப்பான்காரன் வேலூருக்கா வரப்போகிறான் என்பார்கள். இரண்டு நாடுமே பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருக்கின்றன, அதனால் அவர்கள் படைப்புக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. விற்பனைத் தளத்துக்கு ஒரு புகார் போனால் போதும், உங்கள் பக்கம் காணாமல் போய்விடும்.

வரைந்தவர் இறந்துவிட்டாரே என்றும் கேட்பார்கள். 'டிராகன் பால்' காமிக்ஸ் வரைந்த அகிரா தோரியாமா 2024இல் காலமானார். நம் சட்டத்தில் அதன்பின் 60 ஆண்டு, அதாவது 2084 முடியும்வரை உரிமை இருக்கும்.

அப்புறம் தொடரின் பெயரை மறைக்கும் தந்திரம். விற்பனைப் பக்கத்தின் தலைப்பில் பெயர் இருக்காது, தேடலுக்குப் போடும் டேக்கில் இருக்கும். பெயரும் லோகோவும் 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் (வணிகக் குறி) சட்டத்தில் வருபவை. பெயரில்லாமல் படம் போட்டால் பதிப்புரிமையில் மாட்டுவோம், படமில்லாமல் பெயர் போட்டால் டிரேட்மார்க்கில். நம்ம வேலூர் முள்ளுக்கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு ஊர்க் காயை அந்தப் பெயரில் விற்றால் நமக்குக் கோபம் வராதா?

'க்ரெடிட் உரிமையாளருக்கே' என்று எழுதி வைப்பது வீண் மை. மொத்த வியாபாரி "லைசென்ஸ் சரக்கு" என்றால், எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்கு, எதுவரை என்று பேப்பர் கேளுங்கள்.

பெரிய கண், கூர்முடி என்கிற பாணி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். அடுத்த வாரம், காம்பைத் தொப்பியாகக் கவிழ்த்து, முள் முள்ளாக முடி சிலிர்த்த ஒரு கத்தரிக்காய்ப் பையனோடு வந்தான். பின்னால் வேலூர்க் கோட்டை அகழி. 12 கப் அடித்துக் கொடுத்தேன். இப்போது அந்தப் பையனுக்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறான், டிரேட்மார்க் போட.