மூளைக்கு எந்தக் கொழுப்பு, எவ்வளவு: குமரி மாவட்டச் சமையலறைக்கு ஒரு கணக்கு

மூளையில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். "அப்போ தேங்காயெண்ணெய் ரெண்டு கரண்டி கூட ஊத்துனா புத்திக்கு நல்லதுதானே" என்று கேட்கத் தோன்றும். இல்லை. சாப்பிடுகிற கொழுப்பு நேரே போய் மூளையில் ஒட்டாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால்வாசி மூளையில்தான் இருக்கிறது; ஆனால் அதைத் தனக்கு வேண்டியபடி மூளையே செய்துகொள்கிறது, ரத்தத்திலிருந்து வாங்குவதில்லை. ஆகவே "மூளை வற்றிப்போகும்" என்று பயந்து கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெளியிலிருந்து மூளை கேட்டு வாங்குவது முக்கியமாக டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு. கடல்மீனில் நிறைய உண்டு.

மற்றபடி கொழுப்பு மூளைக்கு ஒரு சேதி. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ரத்தத்தில் வரும் கொழுப்பு அமிலங்களையும், கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டினையும் (1994-இல் கண்டறியப்பட்ட ஹார்மோன்) கவனித்து, பசியை அடக்குவதா, கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைப்பதா என்று முடிவு செய்கிறது. எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால், உடம்பு பெருக்கும் முன்பே, சில நாட்களில் அந்த இடத்தில் அழற்சி தொடங்குகிறது. அப்புறம் லெப்டின் எவ்வளவு சுரந்தாலும் சேதி காதில் விழாது. வயிறு நிறைந்தும் கை தட்டுக்குப் போகும். கல்லீரலில் கொழுப்பு ஏறும். சர்க்கரையும் பின்னாலேயே வரும்.

முதல் வேலை, எண்ணெயை அளப்பது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து. ஒன்றாம் தேதியே தனிப் பாட்டில்களில் ஊற்றி, வாரத்துக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள். ரேஷன் பாமாயிலில் சுமார் 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு. ஹைப்போதலாமஸைக் கெடுப்பதில் அதிகம் அடிபடும் பெயர் அதுதான். தேங்காயெண்ணெயில் பால்மிட்டிக் குறைவு, ஆனால் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் தேங்காயில். 100 கிராம் துருவலில் சுமார் 35 கிராம் கொழுப்பு. இரண்டரை மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். தேங்காய் நிறையச் சேரும் தீயலும் துவரனும் வைக்கிற நாளில் வறுவல் வேண்டாம். இன்னொரு தவறு, எண்ணெயைக் குறைத்துவிட்டு மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) கூட்டுவது. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கும்போது முதலில் செய்வது அதே பால்மிட்டிக்கைத்தான்.

இரண்டாவது, சாளை (மத்தி மீன்). நெய்மீன் (வஞ்சிரம்) விலைக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். டி.எச்.ஏ. விஷயத்தில் சாளைக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருவருக்கு வாரம் இருமுறை, முள் நீக்கி 100 முதல் 150 கிராம். மழைக்காலம் முடிந்து வருவதில் எண்ணெய் அதிகம். மலையாளத்தில் நெய்மத்தி என்பது இதைத்தான். கண் பளபளப்பாக, செவுள் சிவப்பாக, வயிறு வெடிக்காமல் இருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சாளையில் ஹிஸ்டமின் சேரும். தின்றால் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். எவ்வளவு கொதித்தாலும் அது போகாது.

மண்சட்டியில் மிளகாய், மஞ்சள், சீரகம் அரைத்த கூட்டையும் புளியையும் முதலில் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு மீனைப் போட்டு, தீயைத் தணித்து 8 முதல் 10 நிமிடம். கரண்டி போடாதீர்கள், உடையும். சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றினால் போதும். மேலே மினுங்கி மிதக்கும் எண்ணெயில் மீனின் எண்ணெயும் உண்டு. அதை வழித்துக் கொட்டிவிட்டால் வாங்கியதில் ஒரு பங்கு போச்சு. முக்கிப் பொரித்தாலோ, மீன் எண்ணெய் வெளியேற, சட்டி எண்ணெய் உள்ளே ஏறுகிறது.

சைவர்கள் ஆளிவிதையை லேசாக வறுத்துப் பொடித்து தினம் ஒரு மேசைக்கரண்டி எடுக்கலாம். முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே வரும். பொடி சீக்கிரம் காறிப்போகும். பத்து நாளுக்கு மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். உண்மையைச் சொன்னால், இதிலுள்ள ஒமேகா-3 டி.எச்.ஏ.வாக மாறுவது மிகச் சொற்பம். அதற்கு நுண்பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. காப்ஸ்யூல் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஏத்தங்காய் சிப்ஸ் பொரித்த எண்ணெயை மறுபடி பொரிக்க வைக்காதீர்கள். வடிகட்டி, ஓரிரு நாளில் தாளித்துத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, வாடை மாறியது குப்பைக்கு.

தூக்கம் குறைந்தால் லெப்டின் இறங்கி, பசி ஹார்மோன் ஏறும். விடியுமுன் 3 மணிக்கு ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு இது பெரிய சிக்கல். இரவு 7 மணிக்குள் சாப்பாட்டை முடித்து 8 மணிக்குப் படுத்தால்தான் ஏறத்தாழ ஏழு மணி நேரம் தேறும். முடியாவிட்டால் ரப்பர் பால் எடுத்து வந்தபின் மதியம் கொஞ்சம் தூங்கலாம்.

மூன்று மாதம் கழித்து அளந்து பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.க்கு உள்ளே இருந்தால் நல்லது. ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 150 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தம் கொடுக்குமுன் 12 மணி நேரம் வெறும் வயிறு, முந்தின நாள் மது கூடாது, இல்லையென்றால் எண் பொய் சொல்லும். 500-ஐத் தாண்டினால் சாளையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள்.