4ஜி ரேண்டம் ஆக்சஸ்: தற்காலிக ஆர்என்டிஐயை எப்படிக் கொடுப்பது, எப்போது திரும்ப வாங்குவது

எஸ்ஆர்எஸ்ரேன் 4ஜியை (4ஜி பேஸ் ஸ்டேஷனையும் போனையும் மென்பொருளாகவே ஓட்டும் ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு) லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வரி மனப்பாடமாகியிருக்கும். போன் பக்கத்து ப்ரோகிராமை ஆன் செய்ததும் பேஸ் ஸ்டேஷன் டெர்மினலில் 'ரேச்' (ரேண்டம் ஆக்சஸ், அதாவது போன் பேஸ் ஸ்டேஷனின் கதவைத் தட்டுவது) என்று ஆரம்பித்து ஒரு வரி விழும், அதன் கடைசியில் தற்காலிக சி-ஆர்என்டிஐ, செல்லுக்குள் போனை அடையாளம் காட்டும் எண். முதல் போனுக்குப் பதினறும எண்ணில் 46, அதாவது 70. கண்மூடித் திறப்பதற்குள் 'யூசர் கனெக்டட்' என்று அடுத்த வரி, அதே எண்ணோடு. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் அந்த எண் யாருடையது? சொந்தமாக மேக் லேயர் (யார் எப்போது அனுப்புவது என்று பங்கிடும் பகுதி) எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான், நானும் நன்றாகவே சறுக்கினேன்.

முதலில் இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: தற்காலிக எண்ணை நீங்கள் ஒரு போனுக்குக் கொடுப்பதில்லை, ஒரு ப்ரியாம்பிளுக்குக் கொடுக்கிறீர்கள், அதாவது கதவைத் தட்டப் போன் அனுப்பும் முதல் சிக்னலுக்கு. ஒரு செல்லில் 64 ப்ரியாம்பிள் உண்டு, போன் அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து அனுப்புகிறது, அதில் பேரும் கிடையாது ஊரும் கிடையாது. ஒரே சப்ஃப்ரேமில் (ஒரு மில்லிசெகண்ட்) இரண்டு போன் ஒரே ப்ரியாம்பிளை எடுத்துவிட்டால் உங்கள் காதில் விழுவது ஒரு குரல்தான். பதிலை அனுப்பும் ஆர்ஏ-ஆர்என்டிஐ முகவரியும் (எஃப்டிடியில், அதாவது அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அலைவரிசை உள்ள முறையில், சப்ஃப்ரேம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, 1 முதல் 10 வரை) இரண்டுக்கும் ஒன்றே. ஆக இரண்டும் ஒரே பதிலைப் படித்து, ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் மூன்றாம் மெசேஜை (ப்ரியாம்பிள் முதலாவது, பதில் இரண்டாவது) அனுப்பும். இது உங்கள் பிழை இல்லை, 3ஜிபிபி (4ஜி தரநிலையை எழுதும் அமைப்பு) தெரிந்தே வைத்த ஏற்பாடு.

சரி, எண்ணை எங்கிருந்து எடுப்பது? 16 பிட், ஆனால் எல்லாமே உங்களுடையது இல்லை. 65535 சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்கு, 65534 பேஜிங்குக்கு, கீழே 1 முதல் 60 வரை ஆர்ஏ-ஆர்என்டிஐ நடமாடும் பகுதி. 61 முதல் 65523 வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் 70-இல் ஆரம்பிக்கிறேன், பழக்கதோஷம். இவற்றை ஒரு வரிசையில் போட்டு முன்னால் எடுங்கள், திரும்பி வருவதைப் பின்னால் சேருங்கள். கடைசியாக வந்ததையே முதலில் எடுக்கும் அடுக்கு வேண்டவே வேண்டாம், காரணம் கீழே. யோசிக்க நேரமும் அதிகம் இல்லை: ப்ரியாம்பிள் முடிந்து 3 சப்ஃப்ரேம் கழித்துப் பதிலுக்கான ஜன்னல் திறக்கும், நீளம் 2 முதல் 10 சப்ஃப்ரேம். அதற்குள் 6 பைட் பதில் கிளம்ப வேண்டும்: ஒரு காலி பிட், 11 பிட் டைமிங் அட்வான்ஸ் (போன் எவ்வளவு முன்னதாக அனுப்ப வேண்டும் என்பது), 20 பிட் அப்லிங்க் கிராண்ட் (போன் அனுப்புவதற்கான அனுமதி), கடைசி 16 பிட்டில் உங்கள் எண். 5ஜியில் இது 7 பைட், எண் மட்டும் அதே 16 பிட்.

அப்புறம் மூன்றாம் மெசேஜ். புதிதாக வரும் போன் என்றால் அதில் எஸ்-டிஎம்எஸ்ஐ (நெட்வொர்க் முன்பே கொடுத்த தற்காலிக அடையாளம்) அல்லது 40 பிட் ரேண்டம் எண் இருக்கும். டீகோட் ஆனதின் முதல் 48 பிட்டை அப்படியே நான்காம் மெசேஜில் திருப்பி அனுப்புங்கள், முகவரி அந்தத் தற்காலிக எண். தான் அனுப்பியதே திரும்பி வந்ததைப் பார்க்கும் போன் ஜெயித்தது, தற்காலிகம் நிரந்தரமாகிறது. மற்றது எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ப்ரியாம்பிளில் இருந்து ஆரம்பிக்கும்.

மூன்றாம் மெசேஜுக்குள் சி-ஆர்என்டிஐ வந்தால் கதை வேறு. அது ஏற்கெனவே இணைந்திருந்து அப்லிங்க் நேரம் தவறிய போன். அதன் பழைய எண்ணுக்கே கிராண்ட் கொடுத்துவிட்டு, புதிதாக ஒதுக்கியதை வரிசைக்குத் திருப்புங்கள். இதை மறந்தால் ஒரே போனுக்கு இரண்டு பதிவு நிற்கும். ஹேண்டோவரில் (செல் மாறும்போது) தனி ப்ரியாம்பிள் கொடுத்து வரவழைத்த போனோ பதிலில் உள்ள தற்காலிக எண்ணைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, அதற்குப் புதிதாக ஒன்றை எடுக்காதீர்கள்.

இனி நான் சறுக்கிய இடம். மூன்றாம் மெசேஜ் சிஆர்சி என்ற பிழைச் சோதனையில் தோற்றால் உடனே எண்ணை விடுவித்துவிடும்படி எழுதியிருந்தேன், வீணாகக் கூடாதே என்று. அடுக்கு முறை என்பதால் அடுத்த ப்ரியாம்பிளுக்கு அதே எண் போய்விடும். பழைய போனோ இன்னும் அந்த எண்ணைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. புதியவனுக்கு நான் கொடுத்த மறு அனுப்புதல் கிராண்டைத் தனக்கென்று நினைத்து அதுவும் சேர்ந்து அனுப்ப, இரண்டும் மோதி இரண்டுமே டீகோட் ஆகாது. பார்க்க அசல் ரேடியோ கோளாறு மாதிரியே இருக்கும். ஆண்டெனாவை மாற்றி, கெய்னை ஏற்றி இறக்கி, இரண்டு நாள் போனது.

எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதை டைமர்களில் இருந்தே கணக்குப் போடலாம். பதில் போன 6 சப்ஃப்ரேம் கழித்து மூன்றாம் மெசேஜ், மொத்தம் 4 முறை அனுப்ப அனுமதி என்றால் 8 சப்ஃப்ரேமுக்கு ஒன்றாகக் கடைசி முறை 30-இல். ஒவ்வொரு மறு அனுப்புதலுக்கும் கன்டென்ஷன் டைமர் (நான்காம் மெசேஜுக்காகப் போன் காத்திருக்கும் நேரம்) புதிதாக ஓட ஆரம்பிக்கும், அதன் உச்சம் 64. ஆக 94 மில்லிசெகண்ட், நான் 200 வைத்திருக்கிறேன்.

பிடித்து வைப்பது என்றால் விடாமலே இருப்பதும் இல்லை. இரைச்சலையே ப்ரியாம்பிள் என்று டிடெக்டர் நினைத்துக்கொள்ளும் நேரங்கள் உண்டு, அந்தப் பேய்களுக்கு மூன்றாம் மெசேஜ் வரவே வராது. நொடிக்குப் பத்து பேய் வந்து ஒன்றையும் நீங்கள் திரும்ப வாங்கவில்லை என்றால் ஒரு மணி 49 நிமிடத்தில் வரிசை காலி.

வரிசையின் நீளத்தை லாகில் அச்சிட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், காலையில் எல்லாப் போனையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். 70 முதல் 65523 வரை என்றால் 65,454 இருக்க வேண்டும். 65,451 என்று நின்றால் மூன்று எங்கேயோ சிக்கியிருக்கிறது, நான் முதலில் தேடுவது மூன்றாம் மெசேஜுக்குள் சி-ஆர்என்டிஐ வருவதைக் கவனிக்கும் அந்தக் கிளையில்தான்.