ரைசன் 5 5600எக்ஸ்: ஓவர்கிளாக் அரை மணி நேரம், சோதனை ஒரு வாரம்

ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இறங்குபவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். எல்லாக் கோரையும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 4.6 கிகாஹெர்ட்ஸில் பூட்டி, வோல்டேஜை ஒரு இடத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓட்டி, மெஷின் தொங்கவில்லை என்றதும் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இந்தச் சிப்புக்கு அது ஒத்துவராது. 2020 நவம்பரில் வந்த இந்த 6 கோர் பிராசஸர், ஒரு கோருக்கு மட்டும் வேலை இருந்தால் தானாகவே 4.6 வரை ஏறிக்கொள்ளும், வேலை இல்லாதபோது கோர்களைத் தூங்கவும் வைத்துவிடும். பூட்டிவிட்டால் தானாக ஏறி இறங்கும் சாமர்த்தியம் போய்விடுகிறது. சிப்பின் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமில் லேசான வேலையின்போது 1.45 வோல்ட் தெரிவதைப் பார்த்து அதையே எல்லாக் கோருக்கும் நிலையாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த 1.45 ஒன்றிரண்டு கோர் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும்போது சிப் தானே எடுத்துக்கொள்வது, ஆறு கோரும் முழு வேலை செய்யும்போது அதே வோல்டேஜ் என்றால் சிப் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

நமக்கு வேண்டியது சிப்பின் மின் வரம்புகளைத் தளர்த்தும் பிபிஓவும் அதற்குள் இருக்கும் கர்வ் ஆப்டிமைசரும். பி550, எக்ஸ்570 போர்டுகளில் இது இருக்கும், ஏ520-இல் ஓவர்கிளாக்குக்கு வழியில்லை. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஒவ்வொரு கோருக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு கணக்கு எழுதியிருக்கிறார்கள், அதில் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருப்பார்கள். கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் கொடுத்தால் அந்தத் தாராளம் குறைகிறது: ஒரு படிக்கு சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட், அதிகபட்சம் மைனஸ் 30. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடிக்குறைவதால், 1.30-ஐ 1.25 ஆக்கினாலே அதே வேகத்தில் ஏழு சதவீதம் மிச்சம். மிச்சமான வாட்டையும் சூட்டையும் வைத்துச் சிப் தானே இன்னும் மேலே ஏறும்.

தொடங்கும் முன் மூன்று வேலை. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மதர்போர்டில் பயாஸ் எண்களை அழித்துப் பழையபடி ஆக்கும் கிளியர் சிமாஸ் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று இப்போதே மேனுவலில் பாருங்கள், திரை கறுப்பான பிறகு தேட முடியாது. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சிமாஸ் கிளியர் செய்தால் அது கேட்கக்கூடும். இன்னொன்று, ஓவர்கிளாக்கினால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரன்டி கிடையாது, அது தெரிந்தே இறங்குங்கள்.

அப்புறம் எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டி ஸ்கோர், வெப்பம் இரண்டையும் குறித்து வையுங்கள். பெட்டியோடு வரும் சின்ன ரெய்த் ஸ்டெல்த் கூலரிலேயே 85, 90 டிகிரி தொடுகிறது என்றால் முதலில் கூலரை மாற்றுங்கள். இந்தச் சிப்பின் உச்சவரம்பு 95. அறை பத்து டிகிரி சூடானால் சிப்பும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும், ஆகையால் மார்கழியில் செய்த சோதனையை வைத்துக் கத்திரி வெயிலுக்குக் கணக்குப் போடக்கூடாது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் பக்கத்தில் பிபிஓவை அட்வான்ஸ்டு ஆக்குங்கள். இயல்பான வரம்புகள் பிபிடி (மொத்த மின்செலவு) 76 வாட், டிடிசி (தொடர்ந்து போகும் மின்னோட்டம்) 60 ஆம்பியர், இடிசி (சட்டென்று ஏறும் உச்ச மின்னோட்டம்) 90 ஆம்பியர். நல்ல கூலர் இருந்தால் பிபிடியை 100 வாட் பக்கம் வைக்கலாம், அதற்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் சூடுதான். உச்ச வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் ஓவர்ரைடை இப்போதைக்குத் தொடாதீர்கள். ராமையும் எக்ஸ்எம்பி (ராமை வேகமாக ஓட்டும் ப்ரொஃபைல்) இல்லாமல் ஓட விடுங்கள், இல்லையென்றால் பிழை வரும்போது பிராசஸரா ராமா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

ஆறு கோருக்கும் ஒரே மைனஸ் கொடுப்பதைவிடத் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் புரோகிராமில் நல்ல கோர்கள் இரண்டுக்கு அடையாளம் போட்டிருக்கும். விசித்திரம் என்னவென்றால், அந்த நல்ல கோர்கள்தான் மைனஸைக் குறைவாகத் தாங்கும், ஏனென்றால் அதிக வேகத்துக்கு ஏறுபவை அவைதான், அவற்றின் கணக்கில் மிச்சமும் குறைவு. அந்த இரண்டுக்கும் மைனஸ் 5, மற்ற நான்குக்கும் மைனஸ் 15 என்று தொடங்குங்கள்.

இனிமேல்தான் நிஜமான வேலை. ஆறு கோரையும் ஒன்றாக வதைக்கும் சோதனை கர்வ் ஆப்டிமைசரின் பிழையைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் அப்போது வாட் வரம்பில் முட்டி வேகமே இறங்கிவிடுகிறது. மெஷின் விழுவது நீங்கள் பிரவுசரைத் திறக்கும்போது, அல்லது சும்மா விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும்போது: ஒரே கோர் சட்டென்று 4.6-க்குத் தாவும், அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதாது, திரை அணைந்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

இதைப் பிடிக்கத்தான் கோர்சைக்கிளர் என்ற புரோகிராம். பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓட்டி, அடுத்ததற்கு நகரும். 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்ட புரோகிராம் பிரைம்95, அதன் சோதனையில் சரியான விடை முன்கூட்டியே தெரியும் என்பதால் மெஷின் விழாமலே தப்புக் கணக்குப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும். கான்ஃபிக் ஃபைலில் மோட் எஸ்எஸ்இ (லேசான கணக்குக் கட்டளைகள்) என்றே இருக்கட்டும், ஏவிஎக்ஸ் என்ற கனமான கட்டளைகளில் சுமை அதிகம் என்பதால் வேகம் இறங்கிவிடும், நமக்கு உச்ச வேகத்தில் சோதனை வேண்டும். இரவு படுக்கும்போது போட்டுவிடுங்கள். காலையில் அதன் லாக் ஃபைலில் ‘ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், அந்தக் கோரை மட்டும் மூன்று படி பூஜ்யத்தை நோக்கி நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். எண்ணிக்கை 0-இல் தொடங்கும், கோர் 3 என்றால் அது நான்காவது கோர்.

மெஷினே ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டபிள்யூஹெச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), ஐடி 18 என்று தேடுங்கள். அதில் ஏபிக் ஐடி என்று ஒரு எண் இருக்கும். இந்தச் சிப்பில் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டால் கோர் கிடைத்துவிடும்: 7 என்றால் கோர் 3.

இரண்டு மூன்று இரவு சுத்தமாகத் தாண்டினால், ஒன்றும் ஓட்டாமல் சில மணி நேரம் சும்மா விடுங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், முழுதாக அணைத்துக் காலையில் போடுங்கள். இதற்கிடையே சினிபெஞ்ச் ஸ்கோரையும் பாருங்கள். வேகம் ஏறியதாகக் காட்டி ஸ்கோர் இறங்கியிருந்தால் சிப் வோல்டேஜ் போதாமல் கிளாக்கை நீட்டி நிஜ வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியில் அது அப்பட்டமாகத் தெரியும். மைனஸைப் பூஜ்யத்தை நோக்கி நகர்த்துங்கள்.

எப்போதோ ஒருமுறைதானே ரீஸ்டார்ட் ஆகிறது என்று விடாதீர்கள். அந்த ஒருமுறை ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக அமைந்தால் ஃபைல் போச்சு, சில சமயம் விண்டோஸே போச்சு.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆசை இருந்தால் பூஸ்ட் ஓவர்ரைடை 50, 50 மெகாஹெர்ட்ஸாக ஏற்றலாம், 200 வரை இடம் உண்டு, ஒவ்வொரு தடவையும் கோர்சைக்கிளர் முதலிலிருந்து ஓட வேண்டும். கடைசியாக எக்ஸ்எம்பியைப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி நான்கு சுற்றும் ஓட்டுங்கள்.

எல்லாம் நிலையாக நின்ற பிறகு பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் எண்கள் அழிந்துவிடும், சேமித்த ப்ரொஃபைலும் புதிய பதிப்பில் பல சமயம் ஏறாது.