இணைய வானொலிக்கு ஒரு மணி நேரச் சிறப்பு இசை நிகழ்ச்சி: நாகஸ்வரத்தை வைத்து ஒரு செய்முறை

நண்பர்கள் நடத்தும் இணைய வானொலியில் உங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் கணினி, சுமாரான ஒரு மைக், ஆடாசிட்டி மென்பொருள். இவை போதும். எப்படிச் செய்வது என்பதை நாகஸ்வரம் பற்றிய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

படி 1: தலைப்பைக் குறுக்குங்கள்

"இனிய பழைய பாடல்கள்" என்று அறிவித்தால் யாரும் நேரம் குறித்து வைத்துக்கொண்டு வர மாட்டார்கள். அதைத்தான் மற்ற நாள் முழுக்க வானொலி தானாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறதே. "இசைக்கருவிகள்" என்பதும் அகலம். "நாகஸ்வரம்" பரவாயில்லை. "கோயில் வாசலிலிருந்து சினிமாவுக்கு வந்த நாகஸ்வரம்" என்றால் அதற்குள் ஒரு பயணம் இருக்கிறது. எந்தப் பதிவு உள்ளே வரும், எது வராது என்று தலைப்பே சொல்லிவிடும். பதிவுகளைத் தேடிப் பார்த்து எட்டுப் பதிவாவது தேறுகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே தலைப்பை வெளியே சொல்லுங்கள்.

படி 2: வரிசை

60 நிமிடத்தில் இசைக்கு 45, பேச்சுக்கு 10, மிச்சம் முகப்பிசைக்கும் நிலைய அறிவிப்புக்கும். சினிமாப் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கச்சேரிப் பதிவில் ஒரு கீர்த்தனையே பத்து நிமிடத்தைத் தாண்டலாம். அதனால் எண்ணிக்கையைப் பார்க்காமல் நிமிடத்தைக் கூட்டுங்கள்.

என் வரிசை இப்படிப் போகும். தொடக்கம் மல்லாரி. சுவாமி புறப்பாட்டுக்கு கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்பது. தவிலோடு அது எழும்போதே கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அடுத்து நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம் என்பதால், மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் அதற்குள் எதை வைத்தார் என்பதே ஒரு சுவாரசியம். அவர் 1940-இல் வந்த 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார், இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற தகவலை இங்கே போட்டால், கோயிலிலிருந்து சினிமாவுக்குப் பாலம் தானாக அமைந்துவிடும்.

பிறகு அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாகஸ்வரமும் மாறி மாறி ஆபேரி ராகத்தில் ஏறும் 'சிங்காரவேலனே தேவா'. இதுதான் நிகழ்ச்சியின் உச்சம், ஆகவே பாதி நேரத்துக்குச் சற்று முன்பே வரட்டும். அதன் பின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968): திரையில் வாசிப்பது சிவாஜி, ஒலிப்பது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். இரண்டு சினிமாப் பாட்டுக்குப் பிறகு காது கொஞ்சம் ஆற வேண்டும். நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவின் நிதானமான ஒரு கீர்த்தனை. பின்பு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் உள்ள பதிவு ஒன்று. அவர் பெயரைச் சொன்னால் இலங்கை நேயர்கள் கட்டாயம் செய்தி அனுப்புவார்கள்.

நேரம் இடித்தால் பாட்டை நடுவில் அறுக்காதீர்கள். பல்லவிக்குத் திரும்பி நிற்கும் இடம் பார்த்து ஒலியை மெல்ல இறக்குங்கள். ஆலாபனை நடுவே வெட்டுவதைவிட அந்தப் பதிவையே விட்டுவிடுவது மேல்.

படி 3: உரிமை

புதியவர்கள் தாண்டிப்போகும் படி இது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை. பாட்டு வரிக்கும் மெட்டுக்குமான உரிமை தனி. எழுதியவர், இசையமைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை 2028 முடிவில் தீர்ந்தாலும், 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 வரை உரிமை இருக்கும். "பழைய பாட்டுதானே" என்ற பேச்சு எடுபடாது.

உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்காமல், கட்டணம் கட்டிப் பாட்டை ஒலிபரப்ப வானொலிகளுக்கு வழிவிடும் சட்டமுறை உரிமம் (பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 31டி) இணையத்துக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. எனவே வரி, மெட்டுக்கு ஐபிஆர்எஸ் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அமைப்பிடமும், ஒலிப்பதிவுக்கு அந்தந்த இசை நிறுவனத்திடமும் அனுமதி வேண்டும். இது நிலையம் நடத்துபவரின் வேலை. ஆனாலும் பாட்டுப் பட்டியலை அவரிடம் காட்டி, எவற்றுக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு மேலே போங்கள்.

படி 4: தொகுப்புரை

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நிமிடத்துக்குள். படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு "கேட்டு மகிழுங்கள்" என்று முடிப்பது பழைய வழக்கம். தகவல் வேண்டியதுதான். ஆனால் நேயர் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "ஜானகி நிறுத்திய இடத்திலிருந்து நாகஸ்வரம் எப்படிப் பிடித்துக்கொள்கிறது பாருங்கள்." அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். முன்னிசையின் மேல் ஏறிப் பேசுவது பண்பலைக் காய்ச்சல். நாகஸ்வரத்தின் மேல் பேசினால் எப்படியும் நீங்கள்தான் தோற்பீர்கள்.

வாக்கியங்களை எழுதி, சத்தமாகப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் இரண்டாக உடையுங்கள். வித்வான்களின் பெயர், ஊர்ப்பெயர் உச்சரிப்பைப் பதிவுக்கு முன்பே சரிபாருங்கள். பெயரைக் கடித்துத் துப்பினால் விவரம் தெரிந்த நேயர் அங்கேயே காதைத் திருப்பிக்கொள்வார்.

படி 5: ஒலி அளவைச் சமன் செய்தல்

இசைத்தட்டுப் பதிவு முனகும், பிந்தைய காலப் பதிவு அலறும். ஆடாசிட்டியில் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகத் தேர்ந்து, 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' விளைவில் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று கொடுங்கள். உங்கள் குரலுக்கும் அதே அளவு. பிறகு காதால் கேளுங்கள். நாகஸ்வரத்தின் மேல் ஸ்தாயி கூர்மையானது, அளவு சரியாகக் காட்டினாலும் குத்தும். குத்தினால் இரண்டு டெசிபல் இறக்குங்கள்.

பழைய பதிவின் இரைச்சலை முழுக்கத் துடைக்கப் பார்க்காதீர்கள். இரைச்சல் நீக்கியை அழுத்தி ஓட்டினால் நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் ஓசையும் சேர்ந்து போய், தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் கரகரப்பு இருக்கட்டும்.

படி 6: ஏற்றுதல்

எல்லாவற்றையும் ஒரே எம்பி3 கோப்பாக 128 கேபிபிஎஸ்-இல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி போல வரும். ஒரே குறை, கேட்பவரின் திரையில் மணி முழுக்க நிகழ்ச்சிப் பெயர்தான் தெரியும், பாட்டுப் பெயர் மாறாது. முதல் நிகழ்ச்சிக்கு இதுவே நல்லது, கோர்வை குலையாது.

நிலையம் அசுராகாஸ்ட் என்ற இணைய வானொலி மென்பொருளில் ஓடினால், உங்கள் நிகழ்ச்சிக்கெனப் புதிய பிளேலிஸ்ட் ஒன்று தொடங்கி, கோப்பை அதில் சேர்த்து, நாளும் நேரமும் குறியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை இடைமறித்துச் சரியான நேரத்தில் தொடங்கும் தேர்வும் அங்கே உண்டு. அதைக் குறிக்காவிட்டால் முந்தைய பாட்டு முடியும்வரை உங்கள் நிகழ்ச்சி காத்திருக்கும். நிலையத்தின் நேர மண்டலம் எதில் இருக்கிறது என்றும் பாருங்கள். சர்வர் வெளிநாட்டில் இருக்கலாம்.

படி 7: முன்னறிவிப்பு

முப்பது வினாடி போதும். காருகுறிச்சியின் ஒரு பிடி, மேலே உங்கள் குரலில் தலைப்பு, கிழமை, நேரம். நான்கு நாள் முன்பிருந்து ஓடட்டும். இங்கே மட்டும் இசையின் மேல் பேசலாம்.

நேரத்தை ஊர் ஊராகச் சொல்லுங்கள். இந்தியா, இலங்கையில் ஞாயிறு இரவு 8 என்றால் கோலாலம்பூர், சிங்கப்பூரில் இரவு 10.30. லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 3.30. டொரான்டோவில் காலை 9.30 அல்லது 10.30. சிட்னிக்காரர்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும், அவர்களுக்காக மறு ஒலிபரப்பு ஒன்று வையுங்கள். டொரான்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை மாற்றுவார்கள், லண்டனில் அம்மாதக் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் அட்டவணையைப் புதிதாகப் போடுங்கள்.

நிகழ்ச்சி தொடங்கும்போது வீட்டு வைஃபையை விட்டு, கைபேசியின் டேட்டாவில் நேயரைப் போலவே கேட்டுப் பாருங்கள். ஒலி சில வினாடிகள் தாமதமாகத்தான் வந்து சேரும், சில நேரம் அரை நிமிடம்கூட ஆகும். 8 மணி அடித்தும் மல்லாரி கேட்கவில்லையே என்று உடனே எதையும் தட்டிவிடாதீர்கள்.