கொழுக்கட்டை ஏன் வெடிக்கிறது? பூரணக் கொழுக்கட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விநாயகர் சதுர்த்தியன்று இட்லிப் பானையைத் திறந்ததும் பாதிக் கொழுக்கட்டை வாய் பிளந்து, பூரணம் தட்டில் வழிந்திருந்தால் பழி ஆவியின் மேலோ அச்சின் மேலோ விழும். ஆனால் தவறு பெரும்பாலும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, மாவும் வெந்நீரும் சேர்ந்த அந்த இரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்திருக்கும்.

கோதுமை மாவைப் பிசையப் பிசைய இழுவை வரும். அரிசி மாவுக்கு அந்தக் குணம் கிடையாது. அதை ஒட்ட வைப்பது கொதிநீரில் வெந்து உப்பிய மாவுச்சத்து மட்டும்தான். தண்ணீர் வெறும் சூடாக இருந்தாலோ, அளவு குறைந்தாலோ மாவு பாதிதான் வேகும். கையில் உருட்டும்போது நன்றாகவே இருக்கும். ஆவியில் வைத்ததும் விரிசல் விடும்.

எனவே முதலில் அளவு. கடையில் வாங்கிய நைசான இடியாப்ப மாவு 1 கப்புக்கு 1¼ கப் தண்ணீர். பச்சரிசியை 2 மணி நேரம் ஊற வைத்து, துணியில் உலர்த்தி, அன்றே அரைத்துச் சலித்த ஈர மாவு என்றால் 1 கப் தண்ணீரே போதும், ஏனென்றால் அந்த மாவில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. எந்த மாவானாலும் கால் கப் கொதிநீரைத் தனியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். புட்டு மாவு வேண்டாம். அது கொரகொரப்பானது, எவ்வளவு பிசைந்தாலும் சொப்பு, அதாவது பூரணம் வைக்கும் கிண்ணம் போன்ற மேல்மாவுக் கூடு, வராது.

தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, தளதளவென்று கொதித்த பிறகே தீயைக் குறைத்து மாவு முழுவதையும் கொட்ட வேண்டும். கரண்டிக் காம்பால் ஒரு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து, 5 நிமிடம் மூடி வையுங்கள். இந்த 5 நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே கட்டியாக நிற்கும் மாவு வேகுவது அப்போதுதான். பிறகு கை பொறுக்கும் சூட்டில், எண்ணெய் தொட்டு, 3, 4 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஆறிய மாவைப் பிசைந்து வழவழப்பாக்க முடியாது.

ஒரு சிறு உருண்டையைத் தட்டிப் பாருங்கள். ஓரம் பிளந்தால் கொதிநீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகத் தெளித்துப் பிசையலாம். பச்சைத் தண்ணீர் தெளித்தால் மேலே பிசுபிசுக்கும், உள்ளே வறட்சி அப்படியே இருக்கும். மாவு தளர்ந்துபோனால் உலர்ந்த மாவைத் தூவுவதும் தவறு: வேகாத அந்த மாவுதான் பிறகு விரிசலாகவும் பச்சை வாடையாகவும் வெளிவரும். வாணலியில் போட்டுச் சிறு தீயில் 2 நிமிடம் கிளறினால் தானாக இறுகும்.

இவ்வளவு செய்தும் மேல்மாவு படிய மறுத்தால் அரைத்துக் கிண்டும் முறைக்கு மாறுங்கள். ஊறிய பச்சரிசி 1 கப்பை மையாக அரைத்து, அரைக்க விட்ட தண்ணீரையும் சேர்த்து மொத்தம் 2 கப் தண்ணீரில் கரைத்து, எண்ணெயும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் பந்தாகத் திரண்டு வரும். கை வலிக்கும்தான். ஆனால் எல்லா மாவும் ஒரே சீராக வெந்துவிடுவதால் விரிசல் அரிது.

பூரணத்தை மேல்மாவுக்கு முன்பே முடித்து ஆற வைத்துவிட வேண்டும். சூடான பூரணம் சொப்பை இளக்கிவிடும். தேங்காய்த் துருவல் 1 கப், வெல்லம் முக்கால் கப். வெல்லத்தை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டாவிட்டால் மண் பல்லில் கடிபடும். துருவல் சேர்த்துக் கிளறி, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டதும், ஈரம் லேசாக மீதமிருக்கும்போதே இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும். அடுப்பிலேயே இறுக விட்டால் கமர்கட்டு மாதிரி ஆகிவிடும். தளர்வாக நின்றால் பொட்டுக்கடலை மாவு ஒரு தேக்கரண்டி போதும். கடலைப்பருப்புப் பூரணத்துக்குப் பருப்பு விரலால் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரை ஒட்ட வடித்தபின்தான் அரைக்க வேண்டும்.

வீட்டில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் ஒருவர் சொப்பாகச் செய்து வரிசையாக அடுக்குவார், இன்னொருவர் நிரப்பிக்கொண்டு வருவார். காத்திருக்கும் சொப்பு காய்ந்து ஓரம் வெடிக்கும். ஒவ்வொருவரும் ஒரு சொப்பு செய்து, நிரப்பி, மூடிவிட்டு அடுத்ததைத் தொடுவதே நல்லது. மீதி மாவை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடி வையுங்கள். சொப்பின் அடி மெலிந்தால் பூரணம் அடி வழியாகக் கசியும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் வாய் மூடாது. குவித்த பிறகு நுனியில் திரளும் மிச்ச மாவைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், அது மட்டும் கெட்டியாக நிற்கும்.

ஈழத்தில் ஆடிப் பிறப்புக்கு அவிக்கும் கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசிமாவும் பயற்றம்பருப்பும் வழக்கம். வறுத்த மா தண்ணீரை வேறு விதமாக இழுக்கும் என்பதால் மேலே சொன்ன அளவை அப்படியே எடுக்காமல், கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள்.

பானைத் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை வைக்க வேண்டும். 8 முதல் 10 நிமிடம் போதும், மேல்மாவு ஏற்கெனவே வெந்ததுதானே. அதற்கு மேல் போனால் நல்ல சொப்பும் பிளக்கும். மூடியில் துணி கட்டினால் நீர் சொட்டாது. மேலே பளபளப்பு வந்து, ஈர விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. தட்டை வெளியே வைத்து 2, 3 நிமிடம் கழித்து எடுங்கள்; சுடச்சுட எடுத்தால் அடி பிய்ந்துவிடும்.

முன்தினமே வேலையைக் குறைக்க நினைத்தால் தேங்காய்ப் பூரணத்தை மட்டும் செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம். வெந்த கொழுக்கட்டையை உள்ளே வைத்தால் அரிசி விறைத்துவிடும். அப்படி விறைத்ததை மறுபடி 3, 4 நிமிடம் ஆவியில் காட்டினால் மென்மை திரும்பும்.